காப்பீட்டு அட்டைக்கும் டயாலிசிஸ் கட்டிலுக்கும் நடுவே

“டயாலிசிஸ் எல்லாம் இப்ப ஃப்ரீதானே, கார்டு இருந்தாப் போதுமே” என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. அவர்கள் சொல்வது பாதி சரி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-லிருந்து இருக்கிறது. 2018-ல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, டயாலிசிஸும் அதற்குள் வருகிறது. அம்மா இன்று உயிரோடு இருப்பதற்கு அந்த அட்டை முக்கியக் காரணம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன். அட்டை கைக்கு வருவதற்கு முன்னும் வந்த பின்னும் எங்கெங்கே மாட்டிக்கொள்வோம், மாட்டினால் யாரிடம் போவது என்பதெல்லாம் வீட்டில் சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்களுக்கு என்றைக்காவது தேவைப்படலாம்.

அம்மா தர்மபுரி மாவட்டத்தில், அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தாள். அப்பா போன பிறகு ஓட்டு வீடு, தனிச் சமையல், முதியோர் உதவித்தொகை, உடம்பு ஒத்துழைத்தால் நூறு நாள் வேலை. சர்க்கரை ரொம்ப வருஷமாக உண்டு. கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் 9-ஐத் தாண்டியிருந்தது. கழுத்தில் குழாய் போட்டு அன்றைக்கே டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். இனிமேல் வாரத்துக்கு இரண்டு முறையாவது, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஆயுசுக்கும் என்றார் டாக்டர். நான் தர்மபுரி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இதுதான் எங்கள் நிலவரம்.

முதல் சிக்கல் நோயில் இல்லை, ரேஷன் கார்டில் இருந்தது. இந்தக் காப்பீடு ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. குடும்பம் என்றால் யார் யார் என்பதை ரேஷன் கார்டுதான் சொல்லும். அம்மாவின் பெயர் அண்ணன் கார்டில் இருந்தது. அண்ணன், அண்ணி இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்தால் வருமான வரம்பைத் தாண்டிவிடும். வரம்பு எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அதாவது மாதம் பத்தாயிரம். முன்பு 72,000 ஆக இருந்து பல வருஷம் கழித்து ஏற்றிய கணக்கு இது. திருப்பூரில் தையல் மெஷினில் உட்காரும் ஒருவர், வேலை ஒழுங்காகக் கிடைத்தாலே தனியாளாக அதைத் தாண்டிவிடுவார்.

கிராம நிர்வாக அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். “கார்டுல மகன் பேரு இருக்கேம்மா, அவரு சம்பளத்தையும் சேர்த்துத்தானே நான் எழுதணும்” என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. எனக்கு உடன்பாடில்லாதது அந்த விதியோடு. வீட்டுக்குள் எவ்வளவு வருகிறது என்று பார்க்கிறவர்கள், ஒரு நோய் மாதாமாதம் எவ்வளவு வெளியே எடுத்துக்கொண்டு போகிறது என்று பார்ப்பதில்லை. பன்னிரண்டாயிரம் சம்பாதித்து ஆறாயிரத்தை மருந்துக்கும் பஸ்ஸுக்கும் கொடுக்கிற குடும்பம், தாளில் வசதியான குடும்பம்.

அம்மா உண்மையிலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவள் என்பதால் அவளுக்குத் தனி ரேஷன் கார்டு வாங்குவது ஒன்றுதான் நேர்வழி. அதற்கு முதலில் அண்ணன் கார்டிலிருந்து பெயர் நீக்க வேண்டும். இங்கே அண்ணிக்குத் தயக்கம். “அத்தை பேரை எடுத்துட்டா அரிசி குறைஞ்சிடாதா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு திருப்பூர் வாடகை கட்டுகிறவர் கேட்கவேண்டிய கேள்விதான். அண்ணன் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டான். பெயர் நீக்கம், அப்புறம் புதுக் கார்டுக்கு விண்ணப்பம், எல்லாம் இ-சேவை மையத்தில் ஆன்லைனில் போட்டோம்.

விசாரணைக்கு வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். தனிச் சமையல்தானா என்று பார்க்க வேண்டுமாம். கழுத்தில் கட்டோடு அம்மா கட்டிலில் இருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய் அடுப்பைக் காட்டினாள், சிலிண்டர் புத்தகத்தைக் காட்டினாள், அரிசி டின்னைத் திறந்து காட்டினாள். அவர் ஓரமாக இருந்த சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கொஞ்சம் ரசம். “உப்பில்லாத ரசம் சாமி, ருசி பார்க்கிறீங்களா?” என்று அம்மா கேட்டாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுதிக்கொண்டு போனார்.

இங்கே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் அசையாமல் கிடந்தால், மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை ரேஷன் குறைகளுக்கென்று தாலுகா அளவில் முகாம் நடத்துகிறார்கள். விண்ணப்ப எண்ணோடு நேரில் போனால் என்ன குறை என்றாவது தெரியும். இன்னொன்று, பெயர். அம்மாவின் பெயர் ஆதாரில் ‘அம்மாள்’ என்று முடிகிறது, பழைய கார்டில் ‘அம்மா’ என்று முடிந்தது. ஒன்றில் இனிஷியல் தாத்தா பெயர், மற்றொன்றில் அப்பா பெயர். நமக்கு இது ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். புதுக் கார்டு வாங்கும்போதே ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போட்டுவிடுங்கள். அதோடு, களை எடுத்தே தேய்ந்த விரல்களில் ரேகை சரியாக விழாது. ஆதார் மையத்தில் ரேகையையும் கண் பதிவையும் ஒருதரம் புதுப்பித்துக்கொண்டால் பின்னால் நிறைய அலைச்சல் மிச்சம்.

இதெல்லாம் முடிகிற வரைக்கும் நோய் காத்திருக்குமா? அரசு மருத்துவமனையில் இடம் காலியான நாட்களில் கூப்பிட்டு இலவசமாகவே செய்தார்கள். இடமில்லாத நாட்களில் தனியாரில் ஒரு தடவைக்கு 1,800 ரூபாய், அதுபோக ஊசி. என் கம்மல், அண்ணியின் வளையல் என்று ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போயின. ஆமாம், அரிசி குறையுமா என்று கேட்ட அதே அண்ணியின் வளையல்தான்.

புது ரேஷன் கார்டு வந்ததும் இ-சேவையில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்குப் போட்டோம். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மேலே போய் வரும். இந்த முறை சிக்கலில்லை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு அட்டை மையத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனோம். படம் எடுத்தார்கள், கைரேகை எடுத்தார்கள். இத்தனை நாள் அலைச்சலில் மிகச் சுலபமாக முடிந்த வேலை அதுதான்.

சரி, அட்டை வந்துவிட்டது. இனி கவலை இல்லை என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்று வாசலில் போர்டு இருக்கும். ஆனால் எந்தப் பிரிவுக்குச் சேர்ந்திருக்கிறது என்று போர்டில் இருக்காது. எலும்பு முறிவுக்கு மட்டும் சேர்ந்திருப்பார்கள், சிறுநீரகத்துக்கு இருக்காது. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டு, “டயாலிசிஸுக்கு எந்தெந்த மருத்துவமனை?” என்று பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே மருத்துவமனைப் பட்டியல் கேட்டால் பயனில்லை.

அடுத்தது ‘ஸ்லாட்’. கட்டில் காலியாக இருந்தால்தான் அட்டைக்கு மதிப்பு. டயாலிசிஸ் கட்டில் எப்படிக் காலியாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் வேறு ஊருக்குப் போக வேண்டும், அல்லது மாற்றுச் சிறுநீரகம் கிடைக்க வேண்டும், அல்லது போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு ஸ்லாட் கிடைத்தது என்று போன் வந்த அன்று அம்மா, “யாரு போனாங்களோ” என்றாள்.

எங்களுக்குக் கிடைத்தது தனியார் மருத்துவமனையில், மூன்றாவது ஷிஃப்ட். சாயந்திரம் ஐந்து மணிக்குப் போட்டால் ஒன்பதுக்கு மேல்தான் ஊசியைக் கழற்றுவார்கள். அதன்பின் ரத்தம் நிற்கிற வரை அழுத்திப் பிடித்து உட்கார வேண்டும். பிரஷர் இறங்கித் தலை சுற்றும். அந்த நேரத்துக்குக் கிராமத்துக்கு ஏது பஸ்? பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து டிக்கெட் இல்லை. அம்மா போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கேலி பேசுகிறவர்கள் ஒருநாள் டயாலிசிஸ் வார்டில் வந்து கேட்டுப் பார்க்கட்டும். ஆனால் இலவசம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும்தான், ராத்திரி பத்து மணிக்கு அது ஓடாது. என் வீட்டில் தங்க வைத்துக் காலையில் அனுப்ப ஆரம்பித்தோம். ஒற்றை அறை வீடு, என் கணவர் திண்ணையில் படுத்தார். பிறகு, தூரத்திலிருந்து வருகிறார், வயதானவர், ராத்திரி பஸ் இல்லை என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி டயாலிசிஸ் டெக்னீஷியனிடம் கொடுத்தேன். வாயால் கேட்டபோது நகராத விஷயம் தாளில் நகர்ந்தது. காலை ஷிஃப்டில் ஒருவர் வேறு மாவட்டத்துக்குப் போனதும் எங்களைக் கூப்பிட்டார்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். திட்டத்தின் கீழ் சிகிச்சை என்றால் நாம் கையிலிருந்து கட்டத் தேவையில்லை. ஆனால் அந்த மருத்துவமனையில் ‘டியூப் சார்ஜ்’ என்று ஒரு தொகை கேட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் ஸ்லாட் போய்விடுமோ என்று பயம். நான் சண்டை போடவில்லை. “கொடுக்கிறேன் சார், திட்டத்துல எழுதி ரசீது போட்டுக் கொடுங்க” என்றேன். தொகை அங்கேயே பாதியானது. அடுத்த வாரமும் ரசீது கேட்டேன், அதன்பின் கேட்பதை விட்டுவிட்டார்கள். என்னிடம் மட்டும்தான் விட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. இப்படி ஏதாவது நடந்தால் அதே கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட ஆட்சியர் தலைமையில் இந்தத் திட்டத்துக்கென்றே குறைதீர்க்கும் குழு இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் அங்கே போகும். மனு எழுத வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அட்டை எண், மருத்துவமனை, தேதி, கேட்ட தொகை, இந்த நாலும் இருந்தால் போதும்.

எங்களை நிஜமாகவே ஆட்டி வைத்தது இவை எதுவும் இல்லை. சில மாதம் கழித்து வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அம்மாவுக்கு ஹெபடைடிஸ் சி, அதாவது கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று, பாசிட்டிவ் என்று வந்தது. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இந்தத் தொற்று வருவது அபூர்வமில்லை. ரத்தத்தோடு புழங்குகிற இடம், சுத்தத்தில் கொஞ்சம் அசந்தாலும் பரவும். அடுத்த முறை போனபோது, “பாசிட்டிவ் மெஷின் எங்ககிட்ட இல்லம்மா, வேற இடம் பார்த்துக்குங்க” என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அட்டை செல்லும், அப்ரூவல் இருக்கிறது, கட்டிலும் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு இல்லை.

இதில் நான் தேடிப் பிடித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். தனி மெஷின் கண்டிப்பாக வேண்டும் என்பது ஹெபடைடிஸ் பி-க்குத்தான். சி-க்கு, தொற்றுத் தடுப்பு முறைகளை ஒழுங்காகச் செய்தால் தனி மெஷின் தேவையில்லை என்பதுதான் சர்வதேச வழிகாட்டுதல். ஆனாலும் நம் ஊரில் பெரும்பாலும் பிரித்துத்தான் வைக்கிறார்கள், அதை நாம் வாதாடி மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது தொற்றைத்தான். ஹெபடைடிஸ் சி-யை மாத்திரையிலேயே முழுசாகக் குணப்படுத்தலாம். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மாத்திரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசம். பெரும்பாலும் 12 வாரம். வெளியே வாங்கினால் எங்களால் நினைத்தே பார்க்க முடியாத விலை. அதுவரைக்கும் அம்மாவுக்கு சேலத்தில் பாசிட்டிவ் மெஷின் உள்ள இடத்தில் டயாலிசிஸ் நடந்தது. போக வரவே அந்த நாள் போய்விடும். என் கடை முதலாளி சம்பளம் பிடித்தாலும் வேலையை விட்டு எடுக்கவில்லை, அதுவரை புண்ணியம்.

மாத்திரை முடிந்து, இன்னும் மூன்று மாதம் கழித்து வைரஸ் அளவு பார்த்தார்கள். ரத்தத்தில் இல்லை என்று வந்தது. சந்தோஷமாகப் பழைய இடத்துக்குப் போனால், அங்கே மறுபடி ஒரு ரத்தப் பரிசோதனை, மறுபடி பாசிட்டிவ்! காரணம் எளிமையானது. அவர்கள் பார்ப்பது எதிர்ப்புச் சக்திப் பரிசோதனை. நோய் குணமான பிறகும் அது பல வருஷம் பாசிட்டிவ் என்றே காட்டும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்று சொல்வது ஆர்.என்.ஏ. பரிசோதனைதான். மாத்திரை கொடுத்த டாக்டரிடமே போய், “குணமாகிவிட்டது, ஆர்.என்.ஏ. இல்லை, இனி எதிர்ப்புச் சக்திப் பரிசோதனை பாசிட்டிவாகவே இருக்கும்” என்று லெட்டர்பேடில் எழுதி வாங்கி, சிறுநீரக டாக்டரையே நேரில் பார்த்துக் கொடுத்தோம். அவர் படித்துவிட்டு இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே கட்டில் கிடைத்தது. அந்தக் கடிதத்தின் நகல் இப்போது அம்மாவின் மஞ்சப்பையில், ஆதார் நகலுக்கு முன்னாடி இருக்கிறது.

டயாலிசிஸ் இலவசமானாலும் அதைச் சுற்றியுள்ளது இலவசமில்லை. ரத்தம் ஊறப் போடும் ஊசி, பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை, மாதாந்திரப் பரிசோதனை, கூட வருகிறவரின் அன்றைய கூலி. ஊசி அரசு மருத்துவமனையில் இருப்பு இருக்கும்போது கிடைக்கிறது, அதற்காகவே அங்கே ஒரு சீட்டைப் பழக்கத்தில் வைத்திருக்கிறோம். மாத்திரைகளுக்கு மக்கள் மருந்தகம், 2025-ல் தொடங்கிய முதல்வர் மருந்தகம் இரண்டிலும் கேட்டுவிட்டுத்தான் வெளிக்கடைக்குப் போவோம். டாக்டரிடம் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொன்னால் இந்தக் கடைகளில் தேடுவது சுலபம்.

வீட்டில் யாருக்காவது சம்பளத்தில் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்பதையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உண்டு. அவர்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. அண்ணனுக்குக் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்காததால் எங்களுக்கு அந்த வழி இல்லாமல் போனது. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸும் ஒரு வழி. அதற்கான திரவப் பைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே தருகிறார்கள். அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு, தனியாகச் செய்ய முடியாது என்பதால் டாக்டர் வேண்டாம் என்றார். கண் தெரிகிற, தூரத்துக் கிராமத்தில் இருக்கிறவர்கள் கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்று. வருஷத்துக்கு ஒருதரம் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள், டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அந்த அளவு ஏற ஆரம்பித்ததும், டயாலிசிஸ் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் நேர் செய்துவிடுங்கள். கழுத்தில் குழாயோடு அடுப்பைக் காட்டுவதைவிட அது மேல்.

கடைசியாக, ரயில். டயாலிசிஸுக்கோ சிறுநீரக மாற்று சிகிச்சைக்கோ போகிற நோயாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் ரயில்வே படிவத்தை நிரப்பிக் கையெழுத்து, முத்திரை வாங்கி டிக்கெட் கவுன்டரில் கொடுக்க வேண்டும். சேலம் போய்வந்த மாதங்களில் எங்களுக்கு இது தெரியாது, வார்டிலும் யாருக்கும் தெரியவில்லை. மாற்று அறுவை சிகிச்சையும் காப்பீட்டில் உண்டு. அம்மாவின் பக்கத்துக் கட்டிலில் இருபத்து மூன்று வயசுப் பையன் ஒருவன் அதற்கான பரிசோதனைக்குச் சென்னைக்குக் கிளம்பினான், அவன் அம்மாதான் சிறுநீரகம் கொடுப்பதாக இருந்தது. அந்தப் படிவத்தை அச்செடுத்து அவர்களிடம் கொடுத்தேன். “இதுக்கும் கலெக்டர் ஆபீஸ் போகணுமாக்கா?” என்று கேட்டான். இதற்கு வேண்டியதில்லை என்றேன்.